மூன்றாவது இலை

கிருபாபுரத்தில் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால் ரேஷன் கடையில் போய்க் கேட்காதீர்கள். ரேஷன் அட்டையில் செத்தவன் பெயரும் இருக்கும். என்னைக் கேளுங்கள். அசனத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எத்தனை இலை?" என்று கேட்கிறவன் நான். உள்ளேயிருந்து குரல் வரும். நாலு. ஆறு. ஒன்பது. நான் எதையும் எழுதி வைப்பதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதி என்ன ஆகப்போகிறது. தலையில் நிற்கும்.

அசனம் என்றால் அந்த ஊர்க் கோவிலில் வருஷத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊர்ச் சாப்பாடு. ஈஸ்டர் கழிந்து மூன்றாவது சனிக்கிழமை. ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும். பெரியவன் சின்னவன் இல்லாமல் எல்லாரும் தரையில் ஒரே பந்தியாக உட்கார வேண்டும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். உட்காரவும் செய்வார்கள். ஆனால் வீடு வீடாகத்தான். ஒரு வீட்டுக்கு எத்தனை இலை சொன்னார்களோ அத்தனையையும் நான் சேர்ந்தாற்போல் விரிக்க வேண்டும். இலை விழுந்தால் நீ அந்த வீட்டு ஆள். விழவில்லை என்றால் கடைசிப் பந்தி. பாத்திரம் கழுவுகிறவர்கள், மைக் செட்டுக்காரன், விறகு கொண்டுவந்தவன், நான். நாற்பது வருஷமாக நான் கடைசிப் பந்திதான். நான் அந்தக் கோவிலைச் சேர்ந்தவன் இல்லை. சுடலைமாடனைக் கும்பிடுகிறவன். அதனால் எனக்கு அதில் குறை இல்லை என்று சொல்லிக்கொள்வேன்.

வினோலியா விஷயம் அப்படி இல்லை. அவள் அந்த ஊர் வேதமுத்து அண்ணாச்சி வீட்டு மருமகள்.

வேதமுத்து என்னைவிட இரண்டு வயது இளையவர். ஏரலுக்கு எதிர்க்கரையில், ஆற்றை ஒட்டி, மூன்று ஏக்கர் வாழை வைத்திருக்கிறார். நான் அந்தத் தோட்டத்தில் இலை அறுக்கிறவன். அதனால் அவர் அண்ணாச்சி, நான் 'ஏலே பூதத்தான்'. முழுப் பெயர் சங்கிலிபூதத்தான். அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வராது என்பார். முழுசாகச் சொன்னால் எங்கள் சாமியின் பெயராகிவிடுமாம்.

இருபத்தாறு வருஷமாக அசனத்துக்குக் குழம்பு வைக்கிறவர் அவர்தான். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. குருவானவர் ஜெபம் பண்ணி முடிக்கிற வரைக்கும் சமைக்கிறவன் நாக்கில் ஒரு சொட்டு படக் கூடாது. ஆண்டவருக்குப் படைக்குமுன் எச்சில் பண்ணக் கூடாது. அப்புறம் உப்பு எப்படிப் பார்ப்பது? மூக்கால் பார்க்க வேண்டும். குழம்பு கொதிக்கிற பெரிய அண்டாவை வார்ப்பு என்பார்கள். வேதமுத்து வார்ப்பின் மூடியை ஒரு சாண் தூக்குவார். உள்ளங்கையால் ஆவியை மூக்குக்கு இழுப்பார். கண்ணை மூடுவார். "உப்பு ரெண்டு கை கம்மி" என்பார். "மல்லி பச்சையா நிக்கி, இன்னும் கொதிக்கட்டும்" என்பார். எண்ணூறு பேர் சாப்பிடுகிற குழம்பு. ஒரு வருஷமும் பிசகியதில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

மூக்கால் பெயர் வாங்கின மனுஷன் அந்த மூக்கை எல்லா இடத்திலும் நுழைப்பான். என்னைப் பார்த்து, "ஏலே, குளிச்சியா?" என்பார். தபால்காரனிடம், "சாராய வாடை அடிக்கி" என்பார். சிரித்துவிட்டுப் போவார்கள். மருமகள் வந்த பிறகு அந்த மூக்குக்கு வேறு வேலையே இல்லாமல் போனது.

அவர் மகன் ஹெப்ரான் தூத்துக்குடியில் வேலையாக இருந்தபோது பழகிக் கட்டிக்கொண்டவள் வினோலியா. கடற்கரைப் பிள்ளை, கத்தோலிக்கப் பிள்ளை. அப்பாவுக்குக் கருவாடு போடுகிற தொழில். பதிவு ஆபீசில் கல்யாணம். வேதமுத்து போகவில்லை. இரண்டு பேரும் ஏரலில் வாடகைக்கு இருந்தார்கள். பிறகு அவன் கத்தாருக்குப் போய்விட்டான். அந்த மார்கழி வெள்ளத்தில் ஏரல் வீட்டில் உத்தரம் வரை தண்ணீர். அவள் சர்டிபிகேட் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து, மாமனார் வீட்டுக்கு வந்தாள். எனக்குத் தெரிந்து அவள் அந்த வாசல்படியை மிதித்தது அன்றைக்குத்தான்.

வேதமுத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பொறத்தால உரச் சாய்ப்பு இருக்கு. அங்கன இருக்கச் சொல்லு. அடுப்பும் தனியா வச்சுக்கிடட்டும்" என்று மனைவியிடம் சொன்னார். "வீட்டுக்குள்ள மீன்வாடை வரப்பிடாது."

மனைவி பெயர் கிரேஸ். முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்து நடக்கிற பொம்பளை. "மழைக்குள்ள வந்திருக்கா, ஒரு நாளாவது..." என்றாள்.

"வாடை, கிரேஸு, வாடை. உனக்கு மூக்கு அடைச்சிருக்கும். எனக்கு அடைக்கல."

அந்த ஊரில் மீன் தின்னாத வீடு கிடையாது. வேதமுத்துவே வாரத்துக்கு நாலு நாள் சாளைப்புளிமுளம் இல்லாமல் சோறு தொடமாட்டார். அவர் தின்கிற மீன் மணக்கும். அவள் தலைக்குக் குளித்து, பவுடர் போட்டு வந்தாலும் நாறும். நான் இலைக்கட்டோடு முற்றத்தில் நிற்கும்போதே அவள் காதில் விழுகிற மாதிரி சொல்வார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள்.

ஹெப்ரானிடம் போனில் சொல்லியிருக்கிறாள். "அப்பா சொல்லுத மாதிரி இரு. நான் வந்து பேசுதேன்" என்றானாம். வந்து பேசப்போகிறான் என்று எத்தனை மாசம்தான் ஒருத்தி உர மூட்டைக்குப் பக்கத்தில் படுப்பாள்.

போன வருஷ அசனத்துக்கு முந்தின நாள் நான் வாசலில் நின்று கேட்டேன். "அண்ணாச்சி, எத்தனை இலை?"

"ரெண்டு."

அவள் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். நமக்கென்ன.

மறுநாள் கடைசிப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, இந்த இலையெல்லாம் நீங்க அறுத்ததா?"

"அறுத்தது நான். தோட்டம் ஒம் மாமனாரோடது."

"அப்ப எங்க வீட்டு இலையிலதான் திங்கேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அழுதிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

அந்த ஐப்பசி மழையில் வேதமுத்துக்குக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள். பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனார்கள். பிழைத்து வந்து பழையபடி நாற்காலியில் உட்கார்ந்து, "மீன்வாடை" என்றார். சரி, ஆள் தேறிவிட்டார் என்று நினைத்தேன். வீட்டார் உட்பட எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

அது பொய் என்று தெரிந்தது பங்குனியில். ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்கள். வினோலியா நாற்பது நாளும் கஞ்சிதான் குடித்தாள். அவள் அடுப்பில் மீன் இல்லை, முட்டைகூட இல்லை. நான் கூலி கேட்டுப் போய் முற்றத்தில் குத்தவைத்திருந்தேன். சாயங்காலம், கொசு மொய்க்கிற நேரம். வேதமுத்து வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே கத்தினார்.

"ஏட்டி, இன்னைக்கு என்னத்தைப் போட்டுப் பொரிக்கே? குடலைப் புடுங்குது!"

அவள் சாய்ப்பிலிருந்து வெளியே வந்தாள். கையில் கஞ்சிச் சட்டி. வந்தவள் பின்வாசலில் அப்படியே நின்றாள். எனக்கும் அப்போதுதான் மூக்கில் ஏறியது. கேஸ். கிரேஸ் அடுப்பைத் திருகிவிட்டுப் பற்றவைக்க மறந்து, முழங்காலுக்கு எண்ணெய் போடப் போய்விட்டாள். வீடு முழுக்க கேஸ். வேதமுத்து அதற்கு நடுவில் உட்கார்ந்து, கொசுவத்திச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, தீப்பெட்டியைத் திறக்கிறார்.

சட்டி கீழே விழுந்து உடைந்தது. அவள் உள்ளே பாய்ந்து தீப்பெட்டியைத் தட்டிவிட்டாள். குச்சிகள் தரையெல்லாம் சிதறின.

"என் கையைத் தட்டுதியாட்டி நீ?" என்று எழுந்து கன்னத்தில் அறைந்தார். நல்ல அறை. முற்றம் வரைக்கும் கேட்டது.

கிரேஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, ஏசப்பா, கேஸு! சன்னலைத் தொறங்க!" இருமிக்கொண்டே அடுப்பைத் திருகி மூடினாள். நான் கதவுகளைத் தள்ளித் திறந்தேன். வேதமுத்து மட்டும் நடுவீட்டில் நின்றார். மூக்கை உறிஞ்சினார். திரும்பவும் உறிஞ்சினார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்லத் தெரியவில்லை. இருட்டில் கால் வைக்க இடம் தேடுகிறவன் முகம் மாதிரி.

வினோலியா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"மாமா" என்றாள். "எப்பத்திலேருந்து?"

"என்ன எப்பத்திலேருந்து? போட்டி அங்கிட்டு."

"காய்ச்சலுக்குப் பெறவா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "ஏலே, நீ இன்னும் போகலையா? ஊர்ல எங்கயாவது வாயைத் தொறந்த, தோட்டத்துப் பக்கம் காலெடுத்து வைக்கப்பிடாது" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இலை வேண்டும்.

அவளுக்குத்தான் அந்த நிமிஷம் ஒன்று விளங்கியிருக்கும். ஐந்து மாசமாக இந்த மனுஷனுக்கு எந்த வாடையும் தெரியவில்லை. ஐந்து மாசமாக 'மீன்வாடை' என்று சொல்லாத நாளும் இல்லை.

மூன்றாம் நாள் விடியற்காலம். பனி ஈரம் காயுமுன் இலை அறுத்தால்தான் வாடாது. நான் தோட்டத்தில் தொரட்டியோடு நிற்கிறேன். வேதமுத்து வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். வினோலியா ஒரு தூக்குவாளியோடு வந்தாள். மடை ஓரம் நின்றே பேசினாள்.

"அத்தை ராத்திரி பூரா அழுதாவ. நீங்க சாப்பிடலையாமே."

"அசனத்துக்கு இன்னும் முப்பது நாள் கெடக்கு" என்றார். அவளிடம் சொன்ன மாதிரி இல்லை. வாழைக்குச் சொன்ன மாதிரி.

"இந்த வருசம் வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க மாமா. மூக்கு போச்சுன்னு சொல்லிருங்க. இதுல என்ன இருக்கு? அத்தைக்கு முட்டு போச்சு, எங்க அப்பாவுக்குக் காது போச்சு. வயசானா எல்லாருக்கும் ஒண்ணு போவும்."

"எனக்குப் போவாது."

"போயிட்டே."

"போவாதுன்னு சொல்லுதேம்லா!" வரப்பில் ஓங்கி அடித்தார். கை முழுக்கச் சேறு. அப்புறம் பைய, "வெளிய தெரிஞ்சா நான் ஊருக்குள்ள என்னன்னு நடப்பேன்? குழம்பு வைக்கத் தெரியாத வேதமுத்தை எவன் மதிப்பான்?" என்றார்.

அவள் மடையைத் தாண்டி வந்து தூக்குவாளியை அவர் முன்னால் வைத்தாள். உள்ளே மூன்று கிண்ணம்.

"மூணும் ஒரே குழம்பு. உப்புதான் வேற வேற. நான் நாக்குல வைக்கல. மோந்து சொல்லுதேன். நீங்க நக்கிப் பாத்து சரியான்னு சொல்லுங்க. உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரியும்லா?"

முகர்ந்தாள். "இது சரி. இது கம்மி. இதுல ஒரு கல்லு கூட."

வேதமுத்து சேறு படாத கை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு நாக்கில் வைத்தார். அவள் சொன்னது மூன்றும் சரி. என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

"எங்க படிச்ச இதை?"

"கருவாட்டுல. உப்பு புடிச்சிருக்கா, இல்லையான்னு எங்க வீட்ல மோந்துதான் பாப்போம். பத்து வயசுலேருந்து எங்க அப்பாவுக்கு நாந்தான் பாத்துக் குடுப்பேன்."

கருவாடு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மூக்கு சுருங்கியது. ஒன்றும் தெரியாத மூக்கு. பழக்கம் அப்படிச் சுருங்குகிறது.

"அடுப்படிக்குப் பொம்பளைய வரப்பிடாது" என்றார்.

"அடுப்புக்குக் குறுக்கால கட்டுத கயிறு வரைக்கும் தண்ணி கொண்டு வரலாம்லா? நான் அங்கன நிப்பேன். உப்பு போதும்னா முந்தானைய இடுப்புல சொருவிக்கிடுதேன். போதாதுன்னா தோள்ல கெடக்கும். தீயைத் தணிக்கணும்னா குடத்தை எறக்கி வைப்பேன்."

"ஒனக்கு என்ன வேணும் இதுக்கு?"

கேட்டாரே, அதைச் சொல்ல வேண்டும். சும்மா ஒருத்தி செய்வாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லைதான்.

"ஒரு இலை" என்றாள் வினோலியா. "உங்களுக்கும் அத்தைக்கும் பக்கத்துல. முதப் பந்தியில."

அவர் நெடுநேரம் சேற்றுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

அசனத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் நின்றேன். தெரிந்தே, வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டேன். "எத்தனை இலை?"

வேதமுத்து என்னை முறைத்தார்.

"மூணு."

கிரேஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வினோலியா குழாயடியில் இருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. கோவில் வளாகத்தில் நீளமாகக் குழி வெட்டி, வரிசையாக அடுப்பு. ஒரு பக்கம் சோறு வேகிறது. இன்னொரு பக்கம் கறிக்கு மூன்று வார்ப்பு. உடைமர விறகின் புகை. பெண்கள் வேப்பமரத்துக்கு அடியில் வெங்காயம் உரித்தார்கள். அடுப்புக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தது.

வினோலியா நீலச் சேலை கட்டியிருந்தாள். கயிற்றுக்கு இந்தப்பக்கம், இடுப்பில் குடத்தோடு நின்றாள். முதல் வார்ப்பு கொதித்தது. வேதமுத்து மூடியை ஒரு சாண் தூக்கினார், ஆவியை இழுத்தார், கண்ணை மூடினார், திறந்து கயிற்றுப் பக்கம் பார்த்தார். முந்தானை தோளில் கிடந்தது.

"உப்பு கம்மி. ரெண்டு கை போடுங்கடே" என்றார்.

திரும்பவும் பார்த்தார். முந்தானை இடுப்புக்குப் போயிருந்தது.

"போதும். எறக்கு."

"அண்ணாச்சி மூக்குக்குத் தங்கத்துல மூக்குத்தி போடணும்" என்றான் விறகு தள்ளுகிறவன். எல்லாரும் சிரித்தார்கள். வேதமுத்துவும் சிரித்தார். இரண்டாவது வார்ப்பும் அப்படியே இறங்கியது. நான் பந்தியில் இலை விரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். முதல் வரிசையில் வேதமுத்து வீட்டுக்கு மூன்று. நல்ல தலைவாழை, கிழிசல் இல்லாதது. மூன்றாவதை நான் பொறுக்கித்தான் எடுத்தேன்.

மூன்றாவது வார்ப்பு கொதி வருகிற நேரம் பாக்கியசீலன் வாத்தியார் வந்தார். பணியிலிருந்து ஓய்வுபெற்றவர், சபை மூப்பர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர்.

"என்னம்மா, விடிஞ்சதுலேருந்து பாக்கேன், குடமும் கையுமா இங்கனயே நிக்கே. தண்ணிதான் நெறஞ்சாச்சே?" என்றார்.  வாத்தியார் வேதமுத்து பக்கம் திரும்பினார். "என்ன வே, மூடியத் தூக்குதீரு, மருமவளைப் பாக்கீரு, பெறவு உப்பு போடுதீரு. இந்த வருசம் மேற்பார்வை யாரு, மருமவளா?"

சும்மா கேலிதான். இடக்காகப் பேசுவது வாத்தியாருக்குப் பழக்கம். ஆனால் சுற்றி நின்ற இருபது ஆண்களும் சிரித்தார்கள். எல்லாரும் கயிற்றைப் பார்த்தார்கள், பிறகு வேதமுத்தைப் பார்த்தார்கள். அவர் கழுத்து சிவந்தது. குழம்பு கிண்டுகிற துடுப்பைக் கையில் எடுத்தார்.

அந்த இடத்தில் ஒரு சொல் போதும். "ஆமா சார்வாள், எனக்கு மூக்கு சரியில்லை" என்று சொல்லியிருக்கலாம். அல்லது சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"ஏட்டி!" என்று கத்தினார். "தள்ளிப் போட்டி அங்கிட்டு! நின்னு நின்னு ஒன் மீன்வாடை வார்ப்புல ஏறுது. ஊர்ச் சோத்தை நாறடிக்கவா வந்தே?"

வேப்பமரத்தடியில் வெங்காயம் உரித்த கைகள் நின்றன. ஒருத்தி சிரித்தாள். சேர்ந்து நாலு பேர் சிரித்தார்கள். கிரேஸ் எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை.

வினோலியா குடத்தைக் கீழே வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து ஒழுங்காகத் தோளில் போட்டாள். நேராகப் பந்திக்கு நடந்தாள். முதல் வரிசை, மூன்றாவது இலை. சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்துச் செம்பிலிருந்து தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள். இருநூறு இலை விரித்துக் கிடக்கிறது, அவள் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஜெபத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

கிரேஸ் நொண்டிக்கொண்டு போனாள். "எந்திரிட்டி. ஜெபத்துக்கு முன்ன யாரும் உக்காரமாட்டாவ."

"மாமா சொன்ன எடம் இதுதான அத்தை? இங்கனதான் உக்காந்திருக்கேன்."

"அவிய நிக்காவ பாருட்டி. மூணாவது வார்ப்பு கெடக்கு..."

"என் வாடை ஏறிரும்லா."

அங்கே மூன்றாவது வார்ப்பு கொதித்தது. கயிற்றடியில் நின்று சைகை காட்ட ஆள் இல்லாததால் தீயைத் தணிக்க வேண்டிய நேரம் வேதமுத்துக்குத் தெரியவில்லை. தீ எரிந்தது. நான் ஐம்பது அடி தள்ளி நிற்கிறேன், எனக்கு முதலில் வந்தது. மசாலா அடியில் பிடிக்கிற வாடை. அப்புறம் கறி கருகுகிற வாடை. விறகு தள்ளுகிறவன் மூக்கைச் சுளித்தான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். அடுப்பைச் சுற்றி நின்ற ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பிசகாத ஆள். அவருக்குத் தெரியாததா? ஏதோ கணக்கோடுதான் நிற்கிறார் என்று காத்திருந்தார்கள்.

வேதமுத்து பந்திப் பக்கம் பார்த்தார். வினோலியா இலையின் நரம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். திரும்பவும் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

அவர் மூடியை ஒரு சாண் தூக்கினார். விறகுப் புகையோடு கலந்து ஆவி வந்தது. அதை உள்ளங்கையால் மூக்குக்கு இழுத்தார். கண்ணை மூடினார். முகத்தில் ஒரு சிரிப்பைக் கொண்டுவந்தார்.

"மணத்தைப் பாத்தியளா!" என்றார். "இன்னும் ரெண்டு வெறகு தள்ளு."

விறகுக்காரன் கையில் கட்டையோடு நின்றான்.

"தள்ளுலே!"

"வேதமுத்து" என்றார் வாத்தியார். "தீயுது வே."

"எது?"

"வார்ப்பு தீயுது! ஊரே நாறுது! ஒமக்கு என்ன, மூக்கு செத்துப்போச்சா?"

 எல்லார் முகத்திலும் அது வந்தது, நான் பார்த்தேன். காய்ச்சல், பன்னிரண்டு நாள், கயிற்றடியில் நின்ற மருமகள், தோளுக்கும் இடுப்புக்கும் போய்வந்த முந்தானை. எல்லாம் ஒன்றுசேர்ந்து வருகிற நேரம்.

வேதமுத்து துடுப்பைக் கீழே போட்டார். "நான் அப்பவே சொன்னேனா, இல்லையா?" என்றார். குரல் உடைந்தது. "கடக்கரைக்காரி பக்கத்துல நின்னா வாடை ஏறும்னு. எல்லாரும் கேட்டியள்லா? அவ நின்ன தோஷம் வே. எம்பது கிலோ கறியைக் கெடுத்துட்டா."

எல்லாரும் பந்திப் பக்கம் திரும்பினார்கள். வந்த விஷயத்தை ஒவ்வொரு முகமும் திருப்பி உள்ளே வைத்துக்கொண்டது. தங்கள் ஊர் மூக்கு செத்துப்போனது என்று ஒத்துக்கொள்வதைவிட இது லேசு. வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அதுவும் ஒரு காரியம்தான். பொம்பளைய அடுப்படியில நிக்க விட்டது தப்பு" என்றார். படித்த மனுஷன்.

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு எல்லாம் தெரியும். தோட்டத்தில் மூன்று கிண்ணமும் தெரியும். நான் குனிந்து அடுத்த இலையை விரித்தேன்.

தீய்ந்த வார்ப்பில் மேலாக அள்ளி இரண்டு வாளியில் எடுத்து வைத்தார்கள். குருவானவர் ஜெபம் பண்ணினார். ஆண்டவர் எல்லாரையும் ஒரே பந்தியில் சேர்த்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னார். ஆமென் போட்டார்கள். வேதமுத்து வந்து முதல் இலையில் உட்கார்ந்தார். கிரேஸ் இரண்டாவதில். சோறு வந்தது. குழம்பு வாளிக்காரன் முதல் இரண்டு இலைக்கும் நல்ல வார்ப்புக் குழம்பை ஊற்றினான். மூன்றாவது இலைக்கு முன்னால் வந்ததும் நின்று, வேதமுத்தைப் பார்த்தான். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவன் பின்னால் கையைக் காட்டி மற்ற வாளியை வாங்கினான்.

"நீ கெடுத்தது. நீதான் திங்கணும்" என்று கரிக்குழம்பை ஊற்றினான்.

வினோலியா சாப்பிட்டாள். ஒரு வாய் விடாமல் சாப்பிட்டாள். கிரேஸ் ஒரு பருக்கைகூடத் தொடாமல் இலையை மடித்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். வேதமுத்து தலை நிமிராமல் தின்றார். மூன்று இலையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. அவள் கேட்டதும் அதுதான்.

கடைசிப் பந்தி முடிந்து, வெயில் சாய்ந்து, நான் மாட்டுக்கு எச்சில் இலை வாரப் போனேன். கோவிலுக்குப் பின்னால் குழாயடியில் வேதமுத்து தனியாக நின்றார். கையைக் கழுவுகிறார், மூக்குக்குக் கொண்டுபோகிறார், திரும்பவும் கழுவுகிறார்.

"பூதத்தான்" என்றார். "இங்க வாரும்."

நாற்பது வருஷத்தில் என்னை அவர் 'வாரும்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஒண்ணும் தெரியல வே" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஆறு மாசமாச்சு. மழை பெய்ஞ்சா மண்ணு மணம் தெரியல. கிரேஸு தலையில தேய்க்குத எண்ணெ மணம் தெரியல. எம் பக்கத்துல நானே இல்லாத மாதிரி இருக்கு. ஒம்மகிட்டதான் சொல்லுதேன். ஒம்மகிட்ட மட்டுந்தான் சொல்ல முடியும்." இரண்டு கையையும் என் முகத்துக்கு நேராக நீட்டினார். "மோந்து சொல்லும். என் கையி என்ன வாடை அடிக்கி?"

குனிந்து முகர்ந்தேன். மல்லி, மிளகு, ஆட்டுக்கறி, விறகுப் புகை. நல்ல மணம். நாற்பது வருஷமாகக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து நான் தின்ற குழம்பின் மணம்.

"மீன்வாடை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "மீனா?"

"ஆமா அண்ணாச்சி. நல்லா ஏறிட்டு."

அவர் கீழே கிடந்த பாத்திரம் துலக்குகிற தேங்காய் நார்ச் சகிரியையும் சோப்பையும் எடுத்தார். குழாயை முழுசாகத் திறந்தார். முழங்கை வரைக்கும் தேய்க்க ஆரம்பித்தார்.

நான் இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். அடுப்புக் குழிப் பக்கம் வினோலியா தீய்ந்த வார்ப்புக்குள் இறங்கி உட்கார்ந்து அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதுவும் அவள் தலையில் விழுந்திருந்தது. நீலச் சேலை முழுக்கக் கரி.

"மாமாவைப் பாத்தியளா தாத்தா? அத்தை தேடுதாவ."

"குழாயடியில நிக்காரு. கை கழுவுதாரு."

"இன்னுமா?"

"இன்னும்."

அவள் கரண்டியைக் கொண்டு ஒரு கட்டைக் கரியைப் பெயர்த்து வெளியே எறிந்தாள்.

"கழுவட்டும்" என்றாள்.